அரையாண்டுக்கு 1,017 ரூபாய்: எங்கள் ஊர் உள்ளாட்சிச் சேவை பற்றி வரி கட்டுபவரின் மதிப்புரை

எங்கள் வீட்டுக்கான சொத்துவரி 2022 மார்ச் வரை அரையாண்டுக்கு 640 ரூபாயாக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அது 960 ஆயிற்று. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்ற உயர்வு எங்கள் ஊரில் முதன்முறை நடைமுறைக்கு வந்தபோது 1,017 ஆயிற்று. ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும், குடிநீர்க் கட்டணமும், குப்பைக் கட்டணமும் இதற்கு மேல் தனியாக வரும். இந்தப் பணத்துக்கு உள்ளாட்சி எனக்கு என்ன தருகிறது, தருவதற்கு இது போதுமா, போதாவிட்டால் வரியை ஏற்ற வேண்டுமா அல்லது செலவைக் குறைக்க வேண்டுமா என்று இரண்டு ஆண்டுகளாக எங்கள் தெருவில் பேச்சு ஓயவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால், என் பங்கை எழுத்தில் வைக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களில் ஒன்றில் வசிக்கிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் நான் சொல்லப்போகும் குறைகளில் பல இந்த இரண்டு மாவட்டங்களில் எந்த ஊர்க்காரருக்கும் பழக்கமானவையே.

முதலில் வரி ஏன் ஏறியது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் டீக்கடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். சென்னை தவிர்த்த நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் 2008-க்குப் பிறகு பொதுச் சீராய்வு, அதாவது எல்லாக் கட்டடங்களுக்கும் வரியை மறுபடி நிர்ணயிப்பது, நடைமுறையில் இல்லை. 2018-இல் அறிவித்த உயர்வும் அடுத்த ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளில் சிமெண்ட்டும் டீசலும் கூலியும் எங்கே போயின என்பதை வீடு கட்டியவர்கள் அறிவார்கள். வரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மத்திய அரசின் வரிப்பணத்தை எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு, சொத்துவரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு இணையாக வசூலையும் வளர்த்தால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று நிபந்தனை வைத்த பிறகே 2022-இல் சீராய்வு வந்தது. குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அளவுக்கு ஏற்ப உயர்த்தினார்கள். என் வீடு பதிவேட்டில் 1,150 சதுர அடி என்பதால் பாதி ஏறியது. சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்குக் கூடுதலாகவும் வைத்த இந்த முறை நியாயமானது என்றே கருதுகிறேன். பதினான்கு ஆண்டுகள் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுப்பியதுதான் வலித்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறுவது குடும்பத்துக்கும் நல்லது, உள்ளாட்சிக்கும் நல்லது என்பதால், 6 விழுக்காடு உயர்வை நான் எதிர்க்கவில்லை.

இனி வாங்கிய சேவைக்கு வருகிறேன். தண்ணீருக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். இந்த வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது மிகையாகத் தோன்றலாம். இங்கே பிறந்தவர்களுக்குத் தோன்றாது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். என் வயதுக்காரர்கள் பலர் பழுப்புக் கறை படிந்த பல்லோடு வளர்ந்தவர்கள். முட்டியை மடக்க முடியாமல் போன பெரியவர்களையும் பார்த்திருக்கிறோம். ஜப்பான் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில், 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுச் சமையலறைக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. என் மனைவி இன்றும் இரண்டு குடம் வைத்திருக்கிறாள். ஒன்று 'ஒகேனக்கல் தண்ணி', குடிக்கவும் உலை வைக்கவும். மற்றொன்று 'போர் தண்ணி', பாத்திரம் கழுவ. பேரப்பிள்ளைகளின் பல் வெள்ளையாக இருப்பதைக் காணும்போது நான் கட்டிய வரியின் நினைவு வருகிறது என்று எழுதினால் அது வெறும் பேச்சல்ல.

ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று தொடங்கி, கோடையில் நான்கு நாளுக்கு ஒருமுறை என்று ஆனதுதான். அந்த நாள்களில் இருபது லிட்டர் கேன் வாங்குகிறோம். எங்கள் பகுதியில் கேன் முப்பது ரூபாய். வாரத்துக்கு இரண்டு கேன் என்று ஆண்டு முழுதும் வாங்கினால் 3,120 ரூபாய். என் ஓராண்டுச் சொத்துவரி 2,034 ரூபாய். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, வரி அதிகம் என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. ஆற்றங்கரைப் பள்ளத்திலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீர் இது. இடையில் எத்தனையோ நீரேற்று நிலையங்கள், மோட்டார்கள், அவற்றுக்கான மின்கட்டணம். இந்த இனத்தில் செலவைக் குறைப்பது என்றால் நீரேற்றும் நேரத்தைக் குறைப்பது என்றே பொருள். ஏழை வீட்டில் கேனுக்குப் பதிலாகப் போர் தண்ணீரே மீண்டும் பானைக்குள் வரும். சாலையை இந்த ஆண்டு போடாவிட்டால் அடுத்த ஆண்டு போட்டுக்கொள்ளலாம், ஆனால் வளரும் பிள்ளையின் பல்லிலும் எலும்பிலும் ஏறிய புளோரைடை அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையால் எடுக்க முடியாது.

குப்பைக்கு வருவோம். இதில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை, அந்தக் குறை உழைக்கிறவர்களுடையதும் அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வரை எங்கள் தெருவுக்கு ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா தினமும் காலை ஆறரை மணிக்கு விசில் ஊதிக்கொண்டு தள்ளுவண்டியோடு வருவார். மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காதது நீலத் தொட்டியில் என்று எங்கள் தெருப் பெண்களுக்குப் பழக்கியவர் அவரே. மாத்திரை அட்டையைக் காய்கறித் தோலோடு போட்டால் வாசலிலேயே கொட்டிப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டார்கள். ஆள்கள் குறைந்தார்கள். அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரத் தொடங்கினார், பிறகு வாரம் இருமுறை ஆயிற்று. ஒரு நாள் நிறுத்திக் கேட்டேன்.

"முன்ன ரெண்டு தெரு பாத்தேங்க ஐயா, இப்ப அஞ்சு தெரு. சம்பளம் அதேதான், அதுலயும் பிடிச்சது போகத்தான் கைக்கு வருது. வண்டி வேற ஒரு சக்கரம் சுத்த மாட்டேங்குது" என்றார்.

"மேலே சொல்லிப் பார்த்தீங்களாம்மா?" என்றேன்.

"சொன்னா அடுத்த மாசம் நான் வர மாட்டேங்க ஐயா, வேற ஆளு வரும்" என்று சொல்லிவிட்டு வண்டியைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போனார்.

மாம்பழப் பருவத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். மே, ஜூன் மாதங்களில் மண்டியிலும் சாலையோரக் கடைகளிலும் வீடுகளிலும் சேரும் தோலும் கொட்டையும் அழுகலும் மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு. போன பருவத்தில் எங்கள் தெருமுனைத் தொட்டி நிரம்பி, கால்வாய்க்குள் சரிந்து, முதல் மழையில் அந்தச் சாக்கடை மூன்று வீட்டு வாசலில் ஏறியது. அடைப்பை எடுக்க இயந்திரம் வரவழைத்தார்கள், மருந்து அடித்தார்கள், கால்வாய்ச் சுவர் இடிந்த இடத்தில் மறுபடியும் கட்டினார்கள். ஒரு பணியாளரின் கூலியை மிச்சப்படுத்திய கணக்கு ஒரு பக்கத்திலும், இந்தச் செலவுகள் வேறொரு பக்கத்திலும் எழுதப்படுவதால், இரண்டையும் யாரும் சேர்த்துக் கூட்டுவதில்லை. சங்கத்தில் இருந்தபோது இப்படிப்பட்ட சிக்கனத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காவலாளியை நிறுத்திவிட்டு உரமூட்டையை இழந்த கிடங்குகள் உண்டு.

உள்ளாட்சிச் செலவில் கை வைக்கக்கூடிய இடங்கள் குறைவு என்பதுதான் இதற்கு அடிப்படைக் காரணம். நிலையான ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகை, பழைய கடனின் தவணை ஆகிய எதையும் மன்றம் நினைத்தபடி குறைக்க முடியாது. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு வைத்த மானியத்திலும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வந்ததில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப் போட்டே வந்தது. ஆகவே 'செலவைக் குறை' என்ற குரல் வலுத்தவுடன், எதிர்த்துப் பேச வாயில்லாதவர் யாரோ அவர் மேல் போய் விழுகிறது: ஒப்பந்தத் தொழிலாளி, கொசு மருந்து அடிப்பவர், பள்ளிக் கழிப்பறையைக் கழுவுகிறவர், தெருவிளக்கு.

தெருவிளக்கு என்றதும், சோடியம் விளக்கை எடுத்துவிட்டு எல்இடி போட்டது நல்ல சிக்கனம் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிச்சம் குறையாமல் மின்கட்டணம் குறைந்தது. இப்படிப்பட்ட குறைப்பை எத்தனை வேண்டுமானாலும் வரவேற்பேன். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் ஒன்று விட்டு ஒரு விளக்கை அணைக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தபோது எங்கள் தெருவே எதிர்த்தது. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறார்கள். பின்வீட்டுக்காரர் மகள் இரவு பதினொன்றரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து முக்கூட்டில் இறங்குவாள். விளக்கு எரியாத நாளில் அவள் அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் நிற்பதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் திவால் மனு கொடுத்தபோது, அதன் தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு எரியாமல் கிடந்தன. அந்த ஊரின் வீழ்ச்சிக்குத் தொழிற்சாலைகள் போனதும் மக்கள் வெளியேறியதும் என்று பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் இருட்டான தெருவில் வரி கட்டக்கூடியவர் தங்கமாட்டார், அவர் போனால் வரி மேலும் குறையும் என்ற சுழல் எந்த ஊருக்கும் பொதுவானது.

அப்படியானால் வரியை இன்னும் ஏற்றலாமா? இங்கேதான் நான் நின்று நிதானிக்கிறேன். வீதத்தை ஏற்றுவதற்கு முன்பு, இருக்கும் வீதத்தைச் சரியான அளவின் மேல் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எங்கள் தெருவிலேயே ஓட்டு வீடு என்று பதிவேட்டில் இருக்கும் ஒரு கட்டடம் இன்று கீழே இரண்டு கடையும் மேலே இரண்டு வீடுமாக நிற்கிறது. இன்னொன்று குடியிருப்பு என்ற பெயரில் பத்தாண்டுகளாகக் கிடங்காக நடக்கிறது. பேருந்து நிலையத்தில் உள்ளாட்சிக் கடையைப் பழைய வாடகைக்கு எடுத்தவர் அதைப் பல மடங்கு உள்வாடகைக்கு விட்டிருப்பதை ஊரே அறியும். வெளியே எங்கோ பணம் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. பதிவேட்டுக்கும் தெருவுக்கும் உள்ள இடைவெளியில் அது கிடக்கிறது. இந்த இடைவெளியை மூடாமல் வீதத்தை மட்டும் ஏற்றினால், ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டுகிறவர்தான் மறுபடியும் கட்டுவார். தொழில் வரியிலும் உள்ளாட்சியின் கை கட்டப்பட்டிருக்கிறது: ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போடக்கூடாது என்று 1988-இல் அரசியலமைப்பில் வைத்த வரம்பு இன்றும் மாறவில்லை. எனவே சொந்த வருவாய் என்று சொல்லிக்கொள்ள முதன்மையாக மிஞ்சுவது சொத்துவரிதான், அதை அளப்பதில் ஏமாந்தால் மற்றவற்றில் ஈடுகட்ட முடியாது.

இதை எழுதும்போது என் வீட்டைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 2017-இல் மகன் திருமணத்துக்கு முன்பு மாடியில் 180 சதுர அடியில் ஓர் அறை கட்டினோம். அது பதிவேட்டில் ஏறவில்லை, நானும் ஏற்றச் சொல்லவில்லை. தெருவுக்குச் சரியாகத் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதிக்கொண்டிருந்த ஓர் இரவில், கையெழுத்துப் போடும் முன் அந்த அறை நினைவுக்கு வந்தது. மறுநாள் குடிநீர் மனுவோடு மறு அளவீட்டு மனுவையும் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வரிவசூலர் நாடாவோடு வந்தார்.

"சார், பக்கத்துல யாராவது மேல எழுதிப் போட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரும் எழுதலை தம்பி, நான்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று எழுதினார். அரையாண்டு வரியும் அதற்கேற்ப ஏறியது. அந்த அறையை மறைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் இருந்ததற்காக வருந்துகிறேன். இதே தெருவில் 600 சதுர அடிக்குள் வாழ்கிறவர்கள் தங்கள் கடைசிச் சதுர அடி வரைக்கும் வரி கட்டியிருக்கிறார்கள்.

குடக்கூலிக்கு இருப்பவர்களின் நிலையை இந்தப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. எதிர்வீட்டுக் குடித்தனக்காரரிடம், சொத்துவரி ஏறிவிட்டது என்று சொல்லி வீட்டுக்காரர் மாதம் 500 ரூபாய் வாடகையை ஏற்றினார். அந்த வீடும் என் வீட்டளவுதான். 640-இலிருந்து 1,017 வரை போன உயர்வு அரையாண்டுக்கு 377 ரூபாய், மாதத்துக்கு 63 ரூபாய்க்குள். மீதி 437 ரூபாய் வரியின் பெயரால் வேறொருவர் பைக்குப் போகிறது. குடியிருப்போர் வரி ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும், கேட்பதில் தவறில்லை.

செலவுப் பக்கத்தில் குறைக்க ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாக இருக்கும் சாலையின் மேலேயே மறுபடி தார் ஊற்றுவதும், ஊற்றிய ஆறாம் மாதம் குழாய்க்காக அதைத் தோண்டுவதும் நின்றாக வேண்டும். பூங்காவில் கட்டிய நீரூற்று தொடங்கி வைத்த வாரத்தோடு வற்றிவிட்டது; வரவேற்பு வளைவு எந்தப் பயணியையும் வரவேற்றதாக நான் அறியவில்லை. ஆனால் இவற்றையெல்லாம் நிறுத்தினாலும் தினசரிக் குப்பை வண்டியையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரையும் நிரந்தரமாக நடத்தும் தொகை கிடைக்காது. ஒருமுறைச் செலவை நிறுத்திக் கிடைக்கும் பணம் ஒருமுறைதான் வரும். கூலியோ மாதந்தோறும் கொடுக்க வேண்டியது. ஆகவே என் தீர்ப்பு வரியின் பக்கம்தான். எல்லாக் கட்டடத்தையும் அளந்து, நிலுவையை வசூலித்து, ஆண்டுக்கு ஆண்டு மெல்ல ஏறும் வரி. அதில் முதல் உரிமை தண்ணீருக்கும் தூய்மைப் பணியாளர் கூலிக்கும். இந்த வரிசையில் செய்தால் இன்னும் பத்து விழுக்காடு கேட்டாலும் கொடுப்பேன். அளக்காமல் கேட்டால் ஒரு விழுக்காட்டுக்கும் கேள்வி கேட்பேன்.

வசூல் மையத்தின் சேவைக்கு நான்கு மதிப்பெண். ஏப்ரல் இரண்டாம் வாரம் போனேன், பதினைந்து நிமிடத்தில் ரசீது கையில் இருந்தது. அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டுவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு தனிவட்டி. இணையத்தில் கட்டியவர்களுக்கும் ரசீது உடனே வருகிறது. எவ்வளவு கட்ட வேண்டும் என்று உள்ளாட்சி அனுப்பும் கேட்பு அறிவிப்பில் உங்கள் வீட்டுப் பரப்பளவும் பயன்பாட்டு வகையும் சரியாக இருக்கின்றனவா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். கூடுதலாகப் போட்டிருந்தால் மனு கொடுக்கலாம், குறைவாக இருந்தாலும் கொடுக்கலாம். அந்த ரசீதில் ஒரு குறை. எவ்வளவு கட்டினேன் என்று இருக்கிறது, எங்கள் வார்டில் எத்தனை தூய்மைப் பணியாளர்கள், எந்தக் கிழமை எந்தத் தெரு, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற மூன்று வரி இல்லை. அதன் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே அச்சடித்துத் தரும்படி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அக்டோபர்த் தவணை கட்டப் போகும்போது, மாடி அறையையும் சேர்த்த முழு வரியோடு, அதையும் கொடுக்கப் போகிறேன்.